ஆறிய சோறு, சீறும் நெருப்பு

மீஞ்சூர் ரயிலடியில் இறங்கி பஜார் பக்கம் நடந்தால், அந்தக் கடை கண்ணில் படுவதற்கு முன்பே காதில் விழுந்துவிடும். இரும்புச் சட்டியில் இரும்புக் கரண்டி மோதும் டங் டங் சத்தம். அதற்கு அடியில் விடாமல் இரைந்துகொண்டிருக்கும் பர்னர். உள்ளே நாலே மேசை. வாசலிலேயே அடுப்பு. அடுப்படியில் அண்ணன். கோஸ் நறுக்குவதும் கல்லாவும் அக்கா. பள்ளிக்கூடம் விட்டு வந்த மகன் பார்சல் கட்டுகிறான். பலகையில் ‘சைனீஸ் பாஸ்ட் புட்’ என்று எழுதியிருக்கிறது. அண்ணன் தொழில் பழகியது பாரிமுனையில். அங்கே ஒரு மாஸ்டரிடம் இரண்டு வருடம் காய் நறுக்கிக் கொடுத்த பிறகுதான் கரண்டி கைக்கு வந்ததாம்.

ஆறு மணிக்கு மேல் கூட்டம் சேரும். வட சென்னை அனல் மின் நிலையத்தில் ஷிப்ட் முடித்தவர்கள், காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு கன்டெய்னர் ஏற்றிப் போகும் லாரி ஓட்டுநர்கள், கும்மிடிப்பூண்டி வண்டியில் வந்து இறங்குகிறவர்கள். “அண்ணா, ஒரு சிக்கன் ரைஸ், ஒரு கோபி மஞ்சூரியன்.” சொல்லி வாய் மூடுவதற்குள் எண்ணெய் சட்டியில் விழுந்திருக்கும். முட்டை, காய், கோழித் துண்டு, சோறு, சாஸ், மிளகுத் தூள். இரண்டு நிமிடத்தில் தட்டு மேசைக்கு வந்துவிடும். சோறு ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் உதிரி உதிரியாக இருக்கும். கோஸ் வெந்திருக்கும், ஆனால் கடித்தால் நறுக்கென்று இருக்கும். எல்லாவற்றின் மேலும் மெல்லிய புகைவாசம்.

இதையே நான் வீட்டில் செய்து பார்த்திருக்கிறேன். அதே அரிசி, அதே சோயா சாஸ், அதே வினிகர். வந்தது நீர்விட்டுக் குழைந்த காய்ச்சோறு. பொருளெல்லாம் ஒன்றாக இருக்க, பண்டம் மட்டும் எப்படி வேறாகிறது என்ற கேள்வியோடுதான் அந்த அடுப்புக்குப் பக்கத்தில் பல மாலைகள் நின்றிருக்கிறேன். அதற்கு விடை தேடப் போனால் இயற்பியல், வேதியியல், நுண்ணுயிரியல் மூன்றும் அந்தச் சட்டிக்குள் வந்துவிடுகின்றன.

முதலில் சோறு. “சூடான சோத்துல ப்ரைடு ரைஸ் வராது தம்பி” என்றார் அண்ணன். மதியம் வடித்த சோற்றை அகலத் தட்டில் பரப்பி மின்விசிறிக்கு அடியில் ஆற வைத்து, பிறகு பிரிட்ஜில் வைத்துவிடுகிறார்கள். சாயங்காலம் எடுக்கும்போது ஒவ்வொரு பருக்கையும் விறைத்து நிற்கிறது.

அரிசியின் மாவுச்சத்தில் இரண்டு வகை மூலக்கூறுகள் உண்டு. அமிலோஸ் என்பது நூல் போல நீளமானது. அமிலோபெக்டின் மரம் போலக் கிளைவிட்டது. பச்சை அரிசிமணிக்குள் இவை நெருக்கி அடுக்கப்பட்டிருக்கும், தண்ணீர் உள்ளே அதிகம் புக முடியாது. உலை கொதிக்கும்போது, சுமார் 70 டிகிரியைத் தாண்டியதும் அந்த அடுக்கு குலைகிறது, தண்ணீர் புகுந்து மணி ஊதிப் பருக்கிறது. அப்போது அமிலோஸ் இழைகளில் கொஞ்சம் வெளியே கசிந்து பருக்கையின் மேல் பசையாகப் படிகிறது. சுடு சோறு கையில் ஒட்டுவது அதனால்தான். வடித்த கஞ்சி துணிக்கு விறைப்புக் கொடுப்பதும் அதே மாவுச்சத்துதான்.

சோறு ஆறும்போது அந்த இழைகள் மறுபடி ஒன்றையொன்று தேடிப் பக்கத்தில் வந்து படிந்து, சின்னச் சின்னப் படிகங்களாக இறுகுகின்றன. அமிலோஸ் சில மணி நேரத்தில் இறுகிவிடும். அமிலோபெக்டின் நாள்கணக்கில் மெல்ல இறுகும். பிரிட்ஜின் 4 டிகிரிக் குளிரில் இது வேகமாக நடக்கிறது. பரப்பி ஆற வைப்பதில் மேற்பரப்பின் ஈரமும் போய்விடுகிறது. பசை போய், உள்ளே இறுகிய பருக்கைதான் கரண்டியின் அடியைத் தாங்கும். ஒட்டும் ரக அரிசியைவிடப் பாசுமதியில் அமிலோஸ் கூடுதலாக இருப்பதால் அது இன்னும் நன்றாகப் பிரிகிறது.

நம் வீடுகளில் இந்த இறுகல் வேறு பெயரில் தினமும் நடக்கிறது. பழைய சோறு அதுதான். இரவு தண்ணீர் ஊற்றி வைத்த சோற்றில் இப்படி இறுகிய மாவுச்சத்தில் ஒரு பங்கு சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடல் வரை போகிறது. அங்கே வாழும் நல்ல பாக்டீரியாக்களுக்கு அது உணவு. விஞ்ஞானிகள் இதைச் செரிமானத்தை எதிர்க்கும் மாவுச்சத்து என்கிறார்கள்.

ஆறிய சோற்றில் ஓர் ஆபத்தும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் போகக் கூடாது. மண்ணில் வாழும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் அரிசியில் ஒட்டியிருக்கும். உலைக் கொதியில் அவை சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகவே பல மணி நேரம் கிடந்தால் முளைத்துப் பெருகி, செரியுலைட் என்ற நஞ்சை உண்டாக்கும். பாக்டீரியாவைக் கொல்லும் சூடு இந்த நஞ்சை ஒன்றும் செய்யாது. எவ்வளவு வறுத்தாலும் அது அப்படியே இருக்கும். 1970களின் தொடக்கத்தில் பிரிட்டனில் சீன உணவகங்களில் சாப்பிட்ட பலருக்கு அடுத்தடுத்து வாந்தி கண்டபோதுதான் இது பிடிபட்டது. இரவு முழுக்க வெளியில் வைத்திருந்த சோற்றை மறுநாள் வறுத்திருந்தார்கள். பழைய சோற்றில் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகித் தண்ணீரைப் புளிக்க வைக்கின்றன. புளிப்பு ஏறிய இடத்தில் பேசில்லஸ் வளரத் திணறுகிறது. ப்ரைடு ரைஸ் கடையில் அந்தப் புளிப்புக் காவல் கிடையாது. ஆகவே தட்டில் மெல்லிசாகப் பரப்பி சீக்கிரம் ஆற வைப்பதும், ஆறியதும் குளிரில் வைப்பதும் ருசிக்காக மட்டும் செய்யும் வேலை இல்லை. சென்னை வெயிலில் ஒரு குண்டான் சோற்றை மூடி வைத்தால் நடுச்சோறு எத்தனை மணி நேரம் சூடாகவே இருக்கும் என்று நமக்கே தெரியும்.

இனி நெருப்பு. இங்கேதான் என் வீட்டுச் சமையல் தோற்றது.

ஒரு கிராம் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர 70 கலோரி போதும். 100 டிகிரியை எட்டிய அதே ஒரு கிராமை ஆவியாக்க இன்னும் 540 கலோரி வேண்டும். கொதிக்க வைப்பதைவிட ஆவியாக்குவதற்கு ஏழெட்டு மடங்கு வெப்பம். இந்த ஒரு கணக்கைத் தெரிந்துகொண்டவர்கள்தான் அத்திப்பட்டில் உள்ள அந்த அனல் மின் நிலையத்தில் கொதிகலன் ஓட்டுகிறார்கள். கப்பலில் வந்த நிலக்கரியை எரித்து, தண்ணீரை ஆவியாக்கி, அந்த ஆவியால் சுழலியைச் சுற்றி மின்சாரம் எடுக்கிறார்கள். அங்கே ஆவி செல்வம். ஷிப்ட் முடிந்து அவர்கள் வந்து உட்காரும் இந்தக் கடையில் அதே ஆவிதான் மாஸ்டரின் எதிரி.

முட்டைக்கோஸில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர். சட்டியில் போட்டதும் அது கசியத் தொடங்கும். நெருப்பு மெதுவாக இருந்தால், கசியும் வேகத்துக்கு ஆவியாகாது, அடியில் தேங்கும். தேங்கிய தண்ணீர் இருக்கும் வரை அந்த இடத்தின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. எவ்வளவு நேரம் வைத்தாலும் காய் வேகும், வறுபடாது. வறுத்த மணம் பிறக்க வேண்டுமானால் மேற்பரப்பு சுமார் 140 டிகிரிக்கு மேல் போக வேண்டும். அப்போதுதான் அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் வேகமாகச் சேர்ந்து நூற்றுக்கணக்கான மணப்பொருள்களை உண்டாக்கும். பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமில் மையார் 1912-இல் விவரித்த வினை அது. தோசையின் பொன்னிறம், வறுத்த காபிக்கொட்டை, சுட்ட மீன் எல்லாவற்றிலும் அதே வினைதான்.

கடையின் பர்னர் வீட்டு அடுப்பைப் போலப் பல மடங்கு வெப்பம் கொடுக்கிறது. 19 கிலோ சிலிண்டரிலிருந்து அழுத்தத்தோடு வரும் வாயு நீலமாகச் சீறி எரிகிறது. கோஸ் தண்ணீர் விட்டதும், தேங்குவதற்கு நேரம் கொடுக்காமல் அந்தக் கணமே ஆவியாக்கிவிடுகிறது. சட்டியிலிருந்து எழும் புஸ்ஸென்ற சத்தம் அதுதான். வெளிப்புறம் வறுபட்டு, உள்ளே பச்சைக் கடிப்பு மிஞ்சுவது இந்த ஓட்டப் பந்தயத்தில் நெருப்பு ஜெயிப்பதால். ஒரு நேரத்தில் இரண்டு மூன்று தட்டுக்கு மேல் அண்ணன் போடமாட்டார். கூட்டம் எவ்வளவு நெருக்கினாலும் மாட்டார். ஈரம் கூடினால் நெருப்பு தோற்றுவிடும் என்பது அவருக்குக் கையறிவாகவே தெரியும். வீட்டில் சமைக்கிறவர்களுக்கும் இதுதான் வழி. ஒரு ஆளுக்கு மட்டும் போடுங்கள், சட்டியைப் புகையும் வரை காயவிடுங்கள், காயைத் தனியாக வதக்கி எடுத்துவிட்டு அப்புறம் சோற்றைப் போடுங்கள்.

இவ்வளவு சூட்டில் சோறு கருகாமல் இருப்பது எப்படி? அதற்குத்தான் அந்த வீச்சு. ஹுங்டாங் கோ, டேவிட் ஹு என்ற அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் தொழில்முறைச் சமையல்காரர்கள் சட்டி வீசுவதைப் படமெடுத்து, அசைவை அசைவாக அளந்து, 2020-இல் பிரிட்டன் ராயல் சொசைட்டியின் இதழ் ஒன்றில் கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் கண்டது இது. சட்டி அடுப்பை விட்டு மேலே எழுவதே இல்லை. அடுப்பின் விளிம்பில் ஊன்றியபடியே இரண்டு அசைவுகளைச் சேர்த்துச் செய்கிறது. ஒன்று ஊஞ்சல் போல முன்னும் பின்னும் போவது. இன்னொன்று ஏற்றப் பலகை போல ஒரு பக்கம் தாழ்ந்து மறுபக்கம் உயர்வது. இரண்டும் ஒரே தாளத்தில், ஆனால் சற்றே முன்பின்னாக நடக்கும்போது சோறு விளிம்பில் ஏறி, காற்றில் பறந்து, புரண்டு மறுபடி விழுகிறது. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு நேரம்.

அந்தக் கட்டுரையின் படங்களைப் பார்த்தபோது எனக்கு என் பாட்டி முறத்தில் அரிசி புடைத்தது நினைவுக்கு வந்தது. முறமும் சும்மா மேலும் கீழும் ஆடாது. தன் பக்கம் இழுத்து, நுனியைத் தூக்கி, மணிக்கட்டைச் சுண்டுவாள். அரிசி வளைந்து எழுந்து வந்து விழும், உமி முன்னால் பறக்கும். இழுப்பும் சாய்வும் முன்பின்னாகச் சேர்வதுதான் இரண்டிலும் வித்தை. பருக்கை சட்டியைத் தொட்டிருக்கும் நேரத்தில் சூடேறுகிறது, காற்றில் இருக்கும் நேரத்தில் ஆவியை விட்டுச் சற்றே ஆறுகிறது. எந்தப் பருக்கையும் கருகும் அளவுக்கு ஓரிடத்தில் தங்குவதில்லை. இந்த வேலைக்கு உடம்பு கொடுக்கும் விலையும் பெரியது. சீன உணவகச் சமையல்காரர்களிடையே தோள்வலி மிகப் பரவலாக இருப்பதுதான் அந்த ஆய்வுக்கே தூண்டுதல். எங்கள் அண்ணனும் இடது கையால் சட்டி, வலது கையால் கரண்டி. ராத்திரி கடை மூடும்போது இடது தோளைத்தான் பிடித்துக்கொள்வார்.

காற்றில் எழும் சோற்றோடு எண்ணெய்த் துளிகளும் எழுகின்றன. அவற்றில் சில சட்டியின் விளிம்பைத் தாண்டி எட்டிப் பார்க்கும் தீ நாக்கில் பட்டுப் பற்றிக்கொள்கின்றன. கண நேரம் சட்டிக்குள்ளேயே தீ எழுந்து அடங்கும். அந்தப் புகை சோற்றின் மேல் படிகிறது. கான்டன் நகரத்துக்காரர்கள் இதற்கு ‘வொக் ஹேய்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள், சட்டியின் மூச்சு என்று பொருள். தட்டு ஆற ஆற அந்த மூச்சு போய்விடும். எளிதில் ஆவியாகும் மணங்கள் அவை. பார்சலைவிடக் கடையில் உட்கார்ந்து சாப்பிடுவது ஏன் மேல் என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

அடுத்து, தினமும் அந்தக் கடையில் நான் கேட்கும் ஒரு வார்த்தைக்கு வருகிறேன். “அண்ணா, அஜினமோட்டோ போடாதீங்க.” சொல்கிறவர்களில் பலர் பிள்ளைகளை அழைத்து வந்த அம்மாக்கள். அவர்கள் கவலை நியாயமானது. அதனாலேயே விவரத்தை முழுக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது.

1908-இல் டோக்கியோ பல்கலைக்கழகப் பேராசிரியர் கிகுனே இகெடா, வீட்டில் வைக்கும் கொம்பு என்ற கடற்பாசிச் சாற்றில் ஒரு ருசியைக் கவனித்தார். இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு எதிலும் அடங்காத ருசி. 12 கிலோ கடற்பாசியைக் காய்ச்சி வடித்து, கடைசியில் 30 கிராம் படிகம் எடுத்தார். அது க்ளூட்டமிக் அமிலம். ருசிக்கு உமாமி என்று பெயர் வைத்தார். அதன் சோடியம் உப்பு மறு ஆண்டே கடைக்கு வந்தது. அந்தச் சரக்கின் பெயர்தான் அஜினமோட்டோ, சுவையின் சாரம் என்று அர்த்தம். இன்று யாரும் கடற்பாசியைக் காய்ச்சுவதில்லை. 1950களில் ஜப்பானில் கண்டெடுத்த ஒரு பாக்டீரியாவுக்குச் சர்க்கரைப் பாகைக் கொடுத்தால் அது க்ளூட்டமிக் அமிலத்தைக் கக்கித் தள்ளுகிறது. இட்லி மாவு புளிப்பதைப் போல இதுவும் நொதித்தல்தான்.

பழுத்த தக்காளியில் அந்த அமிலத்தின் இன்னொரு வடிவமான க்ளூட்டமேட் இருக்கிறது. சோயா சாஸில் நிறைய இருக்கிறது. அஸ்பெர்ஜில்லஸ் ஒரைசே என்ற பூஞ்சை சோயாப் பருப்பின் புரதத்தை மாதக்கணக்கில் அறுத்து அமினோ அமிலங்களாக்கி வைக்கிறது. தாய்ப்பாலில் தனியாக மிதக்கும் அமினோ அமிலங்களில் மிகுதியானது க்ளூட்டமேட்தான். நாக்கில் இதற்கென்று இரண்டு புரதங்கள் சேர்ந்த ஓர் ஏற்பி உண்டு என்பது 2002-இல் தெளிவானது. நம் அறுசுவைக் கணக்கில் இது இல்லை. அதே கணக்கில் இருக்கும் கார்ப்பு, உயிரியலின்படி சுவையே இல்லை, எரிச்சலை உணரும் நரம்பின் வேலை. இரண்டு கணக்கும் வெவ்வேறு கேள்விக்குப் பதில்.

இதில் என்னை அசர வைப்பது வேறொன்று. இகெடாவின் மாணவர் கொடாமா 1913-இல் காயவைத்த மீனிலிருந்து இனோசினேட் என்ற இன்னொரு ருசிப்பொருளைக் கண்டார். உயிர் போன தசையில் ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு சிதையும்போது உண்டாவது அது. மீனிலும் கோழியிலும் இருக்கிறது. இதையும் க்ளூட்டமேட்டையும் சேர்த்தால் ருசி இரண்டின் கூட்டலாக வருவதில்லை, பல மடங்காகப் பெருகுகிறது. ஏற்பியின் உருவத்தை ஆராய்ந்தவர்கள் காரணம் சொன்னார்கள். க்ளூட்டமேட் வந்து உட்கார்ந்ததும் ஏற்பி இரண்டு இதழ் போல மூடிக்கொள்கிறது. இனோசினேட் அதன் வாசலில் ஒட்டிக்கொண்டு, திறக்காமல் தாழ்ப்பாள் போடுகிறது. சோயா சாஸும் கோழியும் சேர்ந்த சிக்கன் ரைஸில் நடப்பது இது. காசிமேட்டு மீனை வாங்கித் தக்காளி கரைத்துக் குழம்பு வைக்கும்போதும் இதேதான் நடக்கிறது. நம் ஊர்ச் சமையல்கட்டில் எந்த வெள்ளைப் பொடியும் இல்லாமல் தலைமுறை தலைமுறையாக நடந்துவருகிறது.

பயம் எங்கிருந்து வந்தது? 1968-இல் அமெரிக்காவில் வாழ்ந்த ராபர்ட் ஹோ மான் குவோக் என்ற மருத்துவர் ஒரு மருத்துவ இதழுக்குக் கடிதம் எழுதினார். சீன உணவகத்தில் சாப்பிட்டால் தனக்குக் கழுத்துப் பின்புறம் மரத்துப்போகிறது, படபடப்பு வருகிறது என்று. சோயா சாஸா, சமையல் மதுவா, உப்பா, அஜினமோட்டோவா என்று கேள்வியாகத்தான் கேட்டிருந்தார். இதழ் அதற்கு ‘சீன உணவக நோய்க்குறி’ என்று தலைப்பு வைத்தது. ஒரு மனிதரின் சந்தேகம் ஓர் இனத்தின் சமையல் மேல் முத்திரையாக விழுந்தது. பின்னால் எது எதில் இருக்கிறது என்று இரு தரப்புக்கும் தெரியாமல் நடத்திய சோதனைகளில், சாப்பாட்டோடு உண்ணும் அளவில் அந்த அறிகுறிகள் சீராக வரவில்லை. 1987-இல் உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் அமைத்த நிபுணர் குழு இதற்கு உச்ச அளவு குறிக்கத் தேவையில்லை என்றது. 2017-இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சற்று எச்சரிக்கையாக, ஒரு கிலோ உடல் எடைக்கு நாளுக்கு 30 மில்லிகிராம் என்று வரம்பு வைத்தது. அறுபது கிலோ ஆளுக்கு அது 1.8 கிராம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் என் தீர்ப்பு இது: அண்ணன் மூன்று தட்டுக்குச் சேர்த்துப் போடும் ஒரு சிட்டிகையைக் கண்டு அஞ்ச வேண்டாம். அஞ்ச வேண்டியது உப்பு. சாதாரண உப்பில் நூற்றுக்கு 39 பங்கு சோடியம், அஜினமோட்டோவில் 12 பங்குதான். ஆனால் உப்பும் சோயா சாஸும் சேர்ந்து ஒரு தட்டில் ஏறும் சோடியம் அதிகம். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் கேட்க வேண்டியது “உப்பு, சாஸ் கம்மியா போடுங்கண்ணா” என்றுதான்.

இந்தக் கடையின் பூர்வீகத்தைத் தேடினால் மீஞ்சூரிலிருந்து கல்கத்தா போக வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் அதன் அருகே வந்து கரும்பு ஆலை வைத்த தோங் அச்சியூவோடு சீனக் குடியேற்றம் தொடங்குகிறது. ஹக்கா சீனக் குடும்பங்கள் அந்நகரின் டாங்ரா பகுதியில் தோல் பதனிட்டன, அப்படியே உணவகமும் வைத்தன. கல்கத்தாவில் பிறந்த நெல்சன் வாங் 1975-இல் பம்பாயில் கோழிக்குப் பூண்டு, இஞ்சி, பச்சை மிளகாயோடு சோயா சாஸும் சோளமாவும் சேர்த்து மஞ்சூரியன் செய்தார் என்பது பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. மஞ்சூரியாவில் அப்படி ஒரு பண்டம் கிடையாது.

சைனீஸ் கடைகளில் கிடைக்கும் நூடுல்ஸ் வட சென்னைக்கு வேறொரு வழியிலும் வந்தது. 1962-இல் பர்மாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பின், கடையையும் காணியையும் இழந்து கப்பலேறிய தமிழர்கள் தங்களோடு அத்தோ என்ற நூடுல்ஸ் பண்டத்தைக் கொண்டுவந்தார்கள். பாரிமுனையில் இன்றும் கோஸும் வறுத்த வெங்காயமும் புளித்தண்ணீரும் கடலைமாவுப் பொடியும் சேர்த்துக் கையால் பிசைந்து தருகிறார்கள். அத்தோ பிசைய நெருப்பே தேவையில்லை. ஒரே நூடுல்ஸ், ஒரு கடையில் தீயில் பறக்கிறது, இன்னொரு கடையில் விரல்களில் புரள்கிறது. இரண்டையும் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளைகள் நாங்கள்.

பத்தரை மணிக்கு அண்ணன் பர்னரை அணைத்தார். சட்டியில் சோப்பு போடவில்லை. வெந்நீர் ஊற்றி, தென்னங்குச்சித் துடைப்பத்தால் தேய்த்து, மறுபடி அடுப்பில் வைத்து ஈரம் போக்கி, துணியில் தொட்ட எண்ணெயை ஒரு சுற்றுத் தடவினார். இரும்பின் மேல் காய்ந்து காய்ந்து அந்த எண்ணெயின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து, கறுத்து, வழுவழுப்பான பூச்சாகிவிடும். சோப்பும் கம்பி நாரும் போட்டு அழுத்தித் தேய்த்தால் அந்தப் பூச்சு தேய்ந்துபோகும். “சட்டி பழக ஆறு மாசம் ஆச்சு” என்றார்.

உள்ளே பிரிட்ஜில் இரண்டு கை சோறு மீந்திருந்தது. அக்கா அதை மண்சட்டியில் கொட்டி, மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றி, தட்டைப் போட்டு மூடினாள். காலையில் மகனுக்கு மோரும் சின்ன வெங்காயமும் போட்டுக் கொடுப்பாளாம்.